பிங்யாவ் நகரின் மரபுச் சின்னங்கள்: காணச் செல்வோருக்கு ஒரு வரலாற்று நோக்கு

பழம்பெரும் நகரொன்றைக் காணச் செல்வோர் பொதுவாக மூன்று வினாக்களுக்கே விடை தேடுவர். எவ்வழியாற் செல்வது, எத்தனை நாள் தங்குவது, எவற்றைப் பார்ப்பது என்பனவே அவை. அந்நகர் ஏன் இன்றுவரை எஞ்சி நிற்கின்றது என்னும் நான்காவது வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆயின், சில நகரங்களைப் பொறுத்தவரை இந்நான்காவது வினாவுக்கு விடை காணாதவிடத்து ஏனைய மூன்றுக்கும் தக்க விடை காண்டல் இயலாது. சீனாவின் ஷான்சி மாகாணத்திலுள்ள பிங்யாவ் என்னும் சிறுநகர் அத்தகையது.

மாகாணத் தலைநகரான தாய்யுவானிலிருந்து தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், பென் ஆற்றுச் சமவெளியில் இந்நகர் அமைந்துள்ளது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, அநுராதபுரத்து அபயகிரி விகாரையைக் கண்டு எழுதிய பாகியன் பிறந்த மாகாணமும் ஷான்சியே என்பது இலங்கை வாசகர் அறிந்துகொள்ளத் தக்கது. பிங்யாவின் மதிலுக்குட்பட்ட பரப்பு 2.25 சதுர கிலோமீற்றர் மட்டுமே. காலையிற் புறப்படும் ஒருவர் நண்பகலுக்கு முன் அதனைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து முடித்துவிடலாம். எனினும், மிங், சிங் ஆகிய இரு அரச மரபுகளின் காலத்துச் சீன நகரொன்று மதில், தெரு, கோயில், அலுவலகம், கடை, இல்லம் என்னும் உறுப்புகள் யாவும் ஒருங்கே அமைய எஞ்சியிருக்கும் இடங்களுள் இது தலையாயது. 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நகருக்கு வெளியே உள்ள ஷுவாங்லின், ஜென்குவோ என்னும் இரு பௌத்தக் கோயில்களும் அப்பதிவினுள் அடங்கும்.

மதிலும் நகரமைப்பும்

பிங்யாவைக் காண்போர் முதலில் மதிலின்மேல் ஏறுதலே முறை. நகரின் அமைப்பையும் அதன் அளவையும் அங்கிருந்தே ஒருங்கு நோக்கலாம். சவூ மரபு மன்னன் சுவான் காலத்தில், அதாவது கிறித்துவுக்கு முன் ஒன்பதாம் எட்டாம் நூற்றாண்டுகளில், இங்கு மண்மதில் எழுப்பப்பட்டதென்பது மரபுவழிச் செய்தி. இன்று காணப்படும் மதில் மிங் மரபின் முதல் மன்னன் ஹொங்வூவின் மூன்றாம் ஆட்சியாண்டான 1370இல் விரித்துக் கட்டப்பட்டதாகும். ஆறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட சுற்றளவும், ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரமும் உடைய இம்மதிலின் உட்பகுதி இடித்து இறுக்கிய மண்ணால் ஆனது; புறப்பகுதி செங்கல்லாற் போர்த்தப்பட்டது. இவ்விரண்டின் வேறுபாடு பின்னர் கூறப்படும் செய்தியொன்றை விளங்கிக்கொள்ள உதவும்.

மதிலின்மேல் 72 காவல் மேடைகளும் 3000 எயிற்பற்களும் உள்ளன. கொன்பியூசியசின் மாணாக்கர் மூவாயிரவரையும் அவருள் அறிஞராய்ச் சிறந்த எழுபத்திருவரையும் இவ்வெண்கள் குறிப்பனவாகக் கொள்வர். தெற்கும் வடக்கும் ஒவ்வொன்றும், கிழக்கும் மேற்கும் இவ்விரண்டுமாக ஆறு வாயில்கள் உள. தென்வாயிலைத் தலையாகவும், வடவாயிலை வாலாகவும், எஞ்சிய நான்கையும் கால்களாகவும் கருதி, இதனை ஆமை நகர் என மக்கள் வழங்குவர். ஆமை சீனர் மரபில் நீண்ட வாழ்வின் குறியீடாகும்.

மதிலிலிருந்து உள்நோக்கிப் பார்க்குமிடத்து நகரின் ஒழுங்கு புலப்படும். நடுவே தெற்கு வடக்காகச் செல்லும் தெற்குத் தெருவும், அதன்மீது எழுந்து நிற்கும் சந்தைக் கோபுரமும் நகரின் அச்சாக அமைகின்றன. அதன் கிழக்கே நகர்த் தெய்வத்தின் கோயில். மேற்கே மாவட்ட ஆட்சியாளரின் அலுவலகம். கிழக்கே கொன்பியூசியசு கோயில். மேற்கே போர்த் தெய்வத்தின் கோயில். கிழக்கே தாவோ மதத்தினரின் கோயில். மேற்கே பௌத்தரின் கோயில். ஆட்சியும் சமயமும் கல்வியும் படையும் தத்தமக்குரிய இடத்தில் நிற்றல் வேண்டும் என்னும் கருத்து இங்கு நிலத்திலேயே வரையப்பட்டுள்ளது. இவ்வொழுங்கின் நடு அச்சாக அமைந்தது சந்தைத் தெரு என்பது நோக்கற்பாலது. கொன்பியூசியச் சமூகக் கோட்பாட்டில் வணிகன் நான்கு வகுப்பினருள் இறுதியில் வைக்கப்பட்டவன். பிங்யாவிலோ நகரின் நடுத்தெருவே அவனுக்குரியதாயிற்று. இம்முரண்பாட்டை ஆராய்வதே இந்நகரின் வரலாற்றுக்குள் நுழையும் வழியாகும்.

வணிகர் தோன்றிய சூழல்

மதில் எழுந்த 1370ஆம் ஆண்டு பிறிதொரு காரணத்தாலும் குறிப்பிடத்தக்கது. மொங்கோலியரை வடக்கே துரத்திய மிங் அரசு, எல்லைப்புறப் படைகளுக்கு உணவளிக்கும் பெரும் பிரச்சினையை எதிர்நோக்கியது. அதற்குத் தீர்வாக அவ்வாண்டிலேயே ஒரு முறை வகுக்கப்பட்டது. எல்லைக்குத் தானியம் கொண்டு சேர்க்கும் வணிகனுக்கு, அரசின் தனியுரிமையாக இருந்த உப்பை வாங்கி விற்கும் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. எல்லைக்கு அண்மையில் இருந்த ஷான்சி மக்களே இதனால் முதலிற் பயன்பெற்றனர். மழை குறைந்த, விளைநிலம் போதாத மாகாணம் அது. மக்களிற் பலர் பிழைப்புக்காக வெளியிடம் செல்ல வேண்டியவராயிருந்தனர். ஆகவே, மதிலை வேண்டிநின்ற அதே எல்லைப்புறச் சூழலே ஷான்சி வணிகரையும் உருவாக்கிற்று எனலாம்.

அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் இவ்வணிகர் உப்பு, தானியம், துணி, தேயிலை ஆகியவற்றைக் கையாண்டு சீனா எங்கும் பரவினர். 1727இல் ரஷ்யாவுடன் கியாக்தா உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர், தென்சீனத் தேயிலையை மொங்கோலியப் பாலைநிலம் கடந்து ரஷ்ய எல்லைவரை கொண்டு செல்லும் வணிகமும் பெரிதும் இவர் கைப்பட்டது. பிங்யாவ், சீசியன், தாய்கூ ஆகிய மூன்று அண்டை ஊர்களும் இவர்தம் தாயகமாயின.

உண்டியற் சாலைகள்

வணிகம் விரிந்தபோது பணத்தை இடம்பெயர்ப்பது பெரும் இடராயிற்று. அக்காலச் சீனாவிற் பேரளவு கொடுக்கல் வாங்கல்கள் வெள்ளியிலேயே நிகழ்ந்தன. வெள்ளியைக் கோவேறு கழுதைகளிலும் வண்டிகளிலும் ஏற்றி, ஆயுதந்தாங்கிய காவலருடன் மலைவழிகளிற் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இதற்கென்றே காவற் கூடங்கள் தொழில் நடத்தின. செலவு மிகுதி, கள்வர் அச்சம் அதனினும் மிகுதி.

பிங்யாவின் மேற்குத் தெருவில் சீயூசெங் என்னும் சாயப்பொருட் கடையொன்று இருந்தது. லீ குடும்பத்தினர் அதன் உரிமையாளர். லெய் லூதாய் என்பவர் முகாமையாளர். பெய்ஜிங்கிலும் அக்கடைக்குக் கிளை இருந்தது. பெய்ஜிங்கில் வணிகம் செய்த ஊரவர், தம் வெள்ளியை அங்குள்ள கிளையிற் கொடுத்து, கடிதமொன்றைப் பெற்று, பிங்யாவிலுள்ள தலைமைக் கடையில் அத்தொகையைத் தம் வீட்டார் பெற்றுக்கொள்ளச் செய்தனர். தொடக்கத்தில் ஊரவருக்குச் செய்யும் உதவியாக இருந்த இது, கட்டணம் பெறும் தொழிலாக வளர இடமுண்டு என்பதை லெய் உணர்ந்தார். 1823ஆம் ஆண்டளவில் சாயக்கடை கைவிடப்பட்டு, ரிஷெங்சாங் என்னும் பெயரில் பணமாற்று நிறுவனம் தொடங்கப்பட்டது. எழுஞாயிற்றின் செழிப்பு என்பது அப்பெயரின் கருத்து. சீனாவின் முதலாவது உண்டியற் சாலை இதுவே. தமிழ் வணிகர் வழங்கிய உண்டியல் என்னும் சொல், ஓரிடத்திற் கொடுத்த பணத்தை மற்றோரிடத்திற் பெறுவதற்கான சீட்டைக் குறிப்பதாதலின், இந்நிறுவனங்களைச் சுட்டுவதற்கும் அது பொருத்தமானதே.

ரிஷெங்சாங்கின் கிளைகள் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் பரவின. லெய்க்குத் துணைவராயிருந்து பின்னர் பகைத்துக்கொண்ட மாவ் ஹொங்சுய் வேறொரு செல்வக் குடும்பத்தாரின் ஆதரவுடன் போட்டி நிறுவனங்களை வளர்த்தார். சீனா முழுவதிலும் எழுந்த 51 உண்டியற் சாலைகளுள் 22 பிங்யாவையே தலைமையிடமாகக் கொண்டிருந்தன என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. இரண்டேகால் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நகரொன்று பேரரசின் பணப் போக்குவரத்தை நெறிப்படுத்தியது என்பதை அந்நகரின் ஒடுங்கிய தெருக்களில் நின்று எண்ணிப் பார்க்கும்போதே அதன் வியப்பு உறைக்கும்.

ரிஷெங்சாங் கட்டடம் 1995 முதல் அரும்பொருட் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. அங்கு செல்வோர் இரு செய்திகளைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று. முதலாவது, சீட்டுகளின் பாதுகாப்பு முறை. தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், ஆயிரம் மைல் தொலைவிலுள்ள கிளையொன்று தன்னிடம் நீட்டப்படும் தாளொன்றை நம்பி வெள்ளியை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கெனத் தாளினுள் நிறுவனத்தின் பெயர் நீரெழுத்தாகப் பதிக்கப்பட்டது. சீட்டு எழுதுவோரின் கையெழுத்துக் கிளைகள் யாவற்றுக்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. இவற்றுக்கு மேலாக, மாதம், நாள், தொகை ஆகியன எண்களால் மட்டுமன்றிக் குறியீட்டுச் சொற்களாலும் எழுதப்பட்டன. பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட தொடரொன்று பன்னிரு மாதங்களையும், முப்பது எழுத்துகள் கொண்ட தொடரொன்று முப்பது நாள்களையும் குறித்தது. வெளியார் கண்ணுக்கு அவை நல்லொழுக்கம் புகட்டும் வாசகங்களாகவே தோன்றும். குறியீட்டுத் தொடர்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டன.

இரண்டாவது, பங்கு முறை. முதல் இட்ட குடும்பத்தார் வெள்ளிப் பங்கு உடையவர். முதல் எதுவும் இடாது உழைப்பை மட்டும் நல்கிய முகாமையாளருக்கும் மூத்த எழுத்தருக்கும் உடற் பங்கு என்பது வழங்கப்பட்டது. ஒரு பங்கு பத்துக் கூறாக வகுக்கப்பட்டு, திறமைக்கும் சேவைக்காலத்துக்கும் ஏற்ப அவை ஒதுக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும்போது இலாபம் இரு வகையாருக்கும் பகிரப்பட்டது. நட்டம் ஏற்படின் அதனை முதலிட்டவரே தாங்க வேண்டும். அவர்தம் முழுச் சொத்தும் அதற்குப் பொறுப்பாகும். ஊழியரை நிறுவனத்துடன் பிணைப்பதற்கு இது மிக வலிய கருவியாக அமைந்தது.

எனினும், இம்முறையின் மனித விலையையும் மறத்தலாகாது. கிளைகளுக்கு அனுப்பப்பட்டோர் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லலாகாது. பொதுவாக மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையே வீடு திரும்பினர். பிங்யாவின் அழகிய முற்றங்களில் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கணவரின்றிக் கழித்த பெண்களின் வரலாறு காட்சிச்சாலைப் பேரேடுகளில் எழுதப்பட்டதன்று. அம்முற்றங்களைக் காண்போர் அதனைத் தாமாகவே உய்த்துணர வேண்டியவராவர்.

வீழ்ச்சியின் காரணங்கள்

தொடக்கத்தில் வணிகரின் பணத்தைக் கையாண்ட உண்டியற் சாலைகள் படிப்படியாக அரசின் பணத்தைக் கையாளத் தலைப்பட்டன. தாய்பிங் கிளர்ச்சி (1850-1864) தென்சீனத்தின் வழிகளை அடைத்தபோது, மாகாணங்களின் வரிப்பணத்தை வெள்ளியாகத் தலைநகருக்கு அனுப்புதல் அரிதாயிற்று. 1860களில் அப்பொறுப்பு உண்டியற் சாலைகளிடம் வந்தது. 1900இல் எண்ணாட்டுப் படைகள் பெய்ஜிங்கைக் கைப்பற்றியபோது, பேரரசி சீசியும் அவையினரும் ஷான்சி வழியாகச் சீயானுக்கு ஓடினர். அவ்வேளையிலும் ஷான்சி வணிகரே பண உதவி செய்தனர். அடுத்த ஆண்டு சீனாமீது சுமத்தப்பட்ட 45 கோடி டேல் வெள்ளித் தண்டத்துக்காக மாகாணங்கள் செலுத்திய பணத்திற் பெரும்பங்கும் இச்சாலைகளூடாகவே சென்றது. நாட்டின் இழிநிலையே அவற்றின் இலாபப் பெருக்குக்கு வழியாயிற்று.

இப்பொற்காலத்திலேயே வீழ்ச்சியின் வித்துக்களும் இருந்தன. சைபீரிய இருப்புப்பாதையும் கடல்வழியும் பழைய தேயிலைப் பாதையைப் பயனற்றதாக்கின. 1897இல் ஷாங்காயில் சீனரின் முதல் நவீன வங்கியும், 1905இல் அரசின் வங்கியும் தோன்றின. வெய்பெங்ஹௌ என்னும் உண்டியற் சாலையின் பெய்ஜிங் கிளை முகாமையாளரான லீ ஹொங்லிங் காலமாற்றத்தை உணர்ந்தவர். உண்டியற் சாலைகள் ஒன்றிணைந்து வரையறுத்த பொறுப்புடைய நவீன வங்கியொன்றை நிறுவ வேண்டுமென அவர் 1908இல் வற்புறுத்தினார். பிங்யாவிலிருந்த தலைமை முகாமையாளர்கள் அதனை ஏற்கவில்லை. நாட்டு நிலைமையைக் கிளைகள் அறிந்திருந்தன. முடிவெடுக்கும் அதிகாரமோ மதிலுக்குள் இருந்தது.

1911ஆம் ஆண்டுப் புரட்சி இறுதி அடியாக அமைந்தது. பல நகரங்களிற் கிளைகள் கொள்ளையடிக்கப்பட்டன. வைப்புச் செய்தோர் பணத்தைத் திரும்பக் கேட்டு நெருக்கினர். கடன் பெற்றோரோ திருப்பிக் கொடுக்கவில்லை. ஈடின்றி, நன்மதிப்பை மட்டுமே நம்பிக் கடன் கொடுத்தல் இச்சாலைகளின் மரபு. அம்மரபு அமைதிக் காலத்தில் அவற்றின் பெருமையாக இருந்தது. ஆட்சி கவிழ்ந்தபோது அதுவே அவற்றை அழித்தது. சிங் அரசுடன் தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட நிறுவனங்கள் அவ்வரசுக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1914இல் ரிஷெங்சாங் முறிவடைந்தது. முதலிட்ட குடும்பங்கள் வரையறையற்ற பொறுப்பினால் தம் சொத்தையும் இழந்தன. வணிக மூலதனம் உற்பத்தித் தொழிலை நாடாது ஆட்சியின் நிழலிலேயே தங்கியிருப்பின் அதன் கதி யாதாகும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

நகர் எஞ்சிய வரலாறு

செல்வம் அகன்ற பின்னர் பிங்யாவ் ஒரு சாதாரண மாவட்ட ஊராயிற்று. பழைய இல்லங்களை இடித்துப் புதியன எழுப்பும் வசதி எவரிடமும் இருக்கவில்லை. 1930களில் அமைக்கப்பட்ட இருப்புப்பாதை மதிலுக்கு வெளியே சென்றது. 1950களிலும் 1960களிலும் சீன நகரங்கள் பலவற்றின் மதில்கள் வீதிகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் தகர்க்கப்பட்டன. தலைநகரான பெய்ஜிங்கின் மதிலும் அவ்வாறே மறைந்தது. பிங்யாவுக்கு அத்தகைய பெருந்திட்டங்கள் எட்டவில்லை. வறுமையே அதனைக் காத்தது என்று கூறும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

இக்கூற்று உண்மையின் ஒரு பாதி மட்டுமே. 1980களின் தொடக்கத்தில் சீனப் பொருளாதாரம் புதுப்போக்குப் பெற்றபோது, பிங்யாவுக்கும் அகன்ற வீதிகள் கொண்ட புதிய நகர்த் திட்டம் வகுக்கப்பட்டு, பழைய நகரினுள் இடிப்பு வேலையும் தொடங்கியது. ஷாங்காயிலுள்ள தொங்ஜி பல்கலைக்கழகத்தின் நகரமைப்புத் துறையைச் சேர்ந்த ருவான் யீசான் என்பார் அவ்வேளையில் தலையிட்டார். அவரும் அவர்தம் மாணவரும் நகரை அளந்து ஆராய்ந்து மாற்றுத் திட்டமொன்றை வரைந்தனர். பழைய நகரை அவ்வாறே விட்டு, புதிய நகரை மதிலுக்கு வெளியே அமைத்தல் என்பதே அதன் சாரம். தலைநகரிலிருந்த மரபுரிமை அறிஞர்களின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. 1986இல் பிங்யாவ் தேசிய வரலாற்று நகராக அறிவிக்கப்பட்டது. வறுமை இடிப்பைத் தாமதப்படுத்திற்று. அதனைத் தடுத்து நிறுத்தியது அறிவும் முயற்சியுமே. ஒரு பல்கலைக்கழக ஆசிரியரும் சில மாணவரும் அளவுநாடாவும் வரைபடத் தாளும் கொண்டு செய்த காரியம் இது என்பதைப் பல்கலைக்கழக மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

பயண ஒழுங்கு

மேற்கூறிய வரலாற்றை உளங்கொண்டு நோக்கின், எவற்றை எம்முறையிற் காண்பது என்பது தெளிவாகும். தாய்யுவானுக்கும் சீயானுக்கும் இடையிலான அதிவேக இருப்புப்பாதை 2014இல் திறக்கப்பட்டது. அதன் நிலையம் நகருக்குச் சில கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. தாய்யுவானிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் அதனை அடையலாம். பழைய இருப்புப்பாதையின் நிலையமோ மதிலுக்கு அண்மையிலேயே உள்ளது. காலையில் வந்து மாலையில் திரும்புவோரே பலர். அவர்கள் காண்பது தெற்குத் தெருவின் கடைகளை மட்டுமே. குறைந்தது மூன்று நாள்களேனும் ஒதுக்குதல் நன்று. மாரியிற் கடுங்குளிரும், ஒக்டோபர் முதல் வாரத்திற் சீனத் தேசிய விடுமுறை நெரிசலும் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களும், தேசிய விடுமுறைக்கு முற்பட்ட செப்டெம்பரும், விடுமுறை கழிந்த ஒக்டோபர்ப் பிற்பகுதியும் பயணத்துக்கு உகந்தன.

முதல் நாளை மதிலுக்கும், ஆட்சி அலுவலகத்துக்கும், கோயில்களுக்கும் ஒதுக்கலாம். கொன்பியூசியசு கோயிலின் தலைமை மண்டபம் 1163ஆம் ஆண்டினது. நாடெங்கும் அத்தகைய கோயில்கள் இருப்பினும் இத்துணைப் பழைமையான மண்டபம் அருமையானது. இரண்டாம் நாளை ரிஷெங்சாங்குக்கும், அதன் போட்டி நிறுவனங்களின் இல்லங்களுக்கும், காவற் கூடத்துக்கும், குடியிருப்பு ஒழுங்கைகளுக்கும் உரியதாக்கலாம். நகரில் ஏறத்தாழ 4000 பழைய இல்லங்கள் உள்ளன. வெளியே உயர்ந்த சன்னலற்ற சுவரும், உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக நீளும் முற்றங்களும், முற்றத்தை நோக்கி மட்டுமே சரியும் கூரையும் இவற்றின் இயல்பு. தூசும் கள்வரும் வெளியே நிற்க, மழைநீர் மட்டும் உள்ளே வரவேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். நீர் குறைந்த மாகாணத்தில் நீரே செல்வத்தின் குறியீடு. தலைமை அறைகள் பல செங்கல் வளைவுகளால் ஆனவை. ஷான்சி மலைச்சரிவுகளில் மக்கள் குடைந்து வாழ்ந்த மண்குகைகளின் வடிவம் நகருக்குள் கட்டடமாக வந்திருப்பதை அவற்றிற் காணலாம்.

மூன்றாம் நாள் நகருக்கு வெளியே செல்லுதல் வேண்டும். வடகிழக்கே பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் ஜென்குவோ கோயில் உள்ளது. அதன் பதினாயிரம் புத்தர் மண்டபம் 963இல், வடஹான் என்னும் சிற்றரசின் காலத்தில், மரத்தாற் கட்டப்பட்டது. அவ்வரசு முப்பதாண்டுகள் கூட நிலைக்கவில்லை. அது எழுப்பிய மர மண்டபமோ ஆயிரம் ஆண்டுகள் கடந்து நிற்கின்றது. தூண்தலைகளில் அடுக்கடுக்காக அமைந்து பெருங்கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகள் மண்டப உயரத்திற் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதைக் கவனித்தல் வேண்டும். தென்மேற்கே ஆறு கிலோமீற்றர் அளவில் ஷுவாங்லின் கோயில். 571இல் புதுக்கப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறும் இக்கோயிலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வண்ணச் சுதைச் சிற்பங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இன்றும் உள்ளன. பெரும்பாலும் மிங் காலத்தனவான இவற்றுள், உடலை முறுக்கி நிற்கும் வெய்துவோ என்னும் காவற் தெய்வத்தின் உருவமும், பதினெண்மர் அருகதரின் உருவங்களும் புகழ் பெற்றவை. அருகதர் முகங்களில் அக்காலத்து ஷான்சி மாந்தரின் சாயலைக் கலை வரலாற்றாளர் காண்பர். ஷுவாங்லின் என்பது இரட்டைச் சோலை எனப் பொருள்படும்; புத்தர் பரிநிருவாணம் எய்திய சாலமரச் சோலையை அது நினைவூட்டுகின்றது.

திரும்பும் வழியில் ஒருமுறை மதிலுக்கு வெளியேயுள்ள புதிய நகரையும் நடந்து பார்த்தல் பயன் தரும். அழகற்றதெனப் பலர் அதனைக் கடந்து செல்வர். அப்புதிய நகர் அங்கே எழுந்தமையாலேயே பழைய நகர் இங்கே எஞ்சியது.

இன்றைய வினா

உலக மரபுரிமைப் பதிவின் பின்னர் பிங்யாவுக்கு மீண்டும் செல்வம் வந்தது. அதனுடன் புதிய இடர்ப்பாடுகளும் வந்தன. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு அலுவலகங்களும் பாடசாலைகளும் குடிமக்களிற் பெருந்தொகையினரும் மதிலுக்கு வெளியே இடம்பெயர்க்கப்பட்டனர். நடுத்தெரு இல்லங்கள் விடுதிகளாகவும் நினைவுப்பொருட் கடைகளாகவும் மாறின. உள்ளூரின் பழங்கைத்தொழிலான மெருகரக்குப் பெட்டிகளுக்கு அருகிலேயே எவ்வூரிலும் கிடைக்கும் பொருள்களும் விற்கப்படுகின்றன. ஒழுங்கைகளின் உட்புறத்தில் எஞ்சியுள்ள குடும்பங்களோ பழுதடைந்த கூரைகளையும் வடிகால் வசதியின்மையையும் எதிர்நோக்குகின்றன. தனியார் இல்லங்களைச் செப்பனிட உதவித்தொகை வழங்கும் திட்டம் நல்ல தொடக்கமே. ஆயினும், மரபு முறையிற் செப்பனிடுதல் செலவு மிகுந்தது.

மதிலும் அத்தகைய எச்சரிக்கையையே தருகின்றது. 2004இல் தென்மதிலின் ஒரு பகுதி இடிந்தது. 2021 ஒக்டோபரில் ஷான்சியில் வழமைக்கு மாறான பெருமழை பெய்தபோது மதிலின் உட்புறப் பகுதியொன்று மீண்டும் சரிந்தது. செங்கற் போர்வை வெளியிலிருந்து வரும் பகைவனுக்காக அமைந்தது. உள்ளே ஊறும் நீரை மண் தாங்குவதில்லை. வறண்ட நிலத்துக்கெனக் கட்டப்பட்ட மதில் மாறிவரும் தட்பவெப்ப நிலையை எவ்வாறு தாங்கும் என்பது காப்புத் துறையினர் முன்னுள்ள கடினமான வினாவாகும். நகரைப் பொறுத்தும் இதனை ஒத்த வினா உண்டு. புறத்தோற்றம் முழுமையாகக் காக்கப்பட்டு உள்ளே வாழ்வோர் அகன்றுவிடின், எஞ்சுவதை நகர் எனலாமா?

பிங்யாவைக் காணச் செல்வோர் இவ்வினாவுக்கு வெளியே நிற்பவரல்லர். அவர் செலவிடும் பணமே விடுதியைப் பெருக்குகின்றது. அதுவே கூரையைச் செப்பனிடவும் உதவக்கூடியது. குடும்பமொன்று இன்னும் வாழ்ந்து நடத்தும் முற்றவீட்டில் தங்குதல், உள்ளூர்க் கைவினைஞரிடமே பொருள் வாங்குதல், நடுத்தெருவைக் கடந்து ஒழுங்கைகளுக்குள் நடத்தல், அங்கு வாழ்வோரின் வாயிலைக் காட்சிப்பொருளாகக் கருதாதிருத்தல் ஆகியன சிறு செயல்களே. ஆயின், மதிலுக்குள் விளக்கெரியும் வீடுகள் தொடர்ந்தும் இருத்தற்கு அவை ஓரளவேனும் துணைபுரியும். ஒரு நூற்றாண்டுக்கு முன் செல்வத்தின் வீழ்ச்சியைத் தாங்கிநின்ற நகர், இன்று அதன் மீள்வருகையையும் தாங்குமா என்பதை அவ்வீடுகளே தீர்மானிக்கும்.